கற்றலும் ஈட்டலும்

ஏழாயிரம்பண்ணை என்னும் பெயரைக் கேட்டவுடன் நம் மாணாக்கருள் பலர் பட்டாசை நினைப்பர். வரலாறு பயின்ற ஒரு சிலர் பாளையக்காரர் காலத்தை நினைப்பர். சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி, சங்கரன்கோவில் ஆகிய ஊர்களுக்கு நடுவே, கரிசல் மண்ணும் வானம் பார்த்த வேளாண்மையும் வாய்த்த அவ்வூரைச் சுற்றித் தீப்பெட்டி ஆலைகளும் பட்டாசு ஆலைகளும் பரவிக் கிடக்கின்றன. நமக்கோ அப்பெயரைக் கேட்டால் ஒரு படிவமே நினைவுக்கு வருகிறது. நம் துறையில் பயின்ற மாணவர் ஒருவர் நம் மேசைமேல் வைத்து, நாம் கையொப்பமிட மறுத்த படிவம் அது.

அம்மாணவர் அவ்வூர்க்காரர், நம் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தவர். தாயார் தீப்பெட்டி ஆலையில் உருப்படிக் கூலிக்கு உழைப்பவர். வகுப்பு முடிந்தபின் மாலை ஐந்து மணி முதல் இரவு ஒன்பது மணி வரை, கடைத்தெருவிலுள்ள கணினி அச்சுக்கோப்புக் கடை ஒன்றில் அவர் வேலை பார்த்து வந்தார். நிக்காஹ் அழைப்பிதழ், காதணி விழாப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, ரமலான் மாதத்துக்குரிய ஸஹர், இஃப்தார் நேர அட்டவணை எனப் பலவும் அவர் விரல் வழியே வெளிவந்தன. பாமினி எழுத்துருவில் கிடந்த பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றக் கற்றிருந்தார். வல்லெழுத்து மிகும் இடமும் மிகா இடமும் பற்றி நாம் வகுப்பில் ஒரு பருவம் முழுவதும் சொல்லியும் பதியாதது, அழைப்பிதழைத் திருப்பிக்கொண்டு வந்து சண்டையிட்ட ஒரு பெண்வீட்டாரால் ஒரே மாலையில் அவருக்குப் பதிந்துவிட்டது. இதை அவரே நம்மிடம் சிரித்துக்கொண்டு சொன்னார்.

இரண்டாம் ஆண்டு முடிந்து வரும் கோடை விடுமுறையில் மாணவர் ஒரு நிறுவனத்தில் உள்ளுறைப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் கொணர வேண்டும் என்பது இன்றைய பாடத்திட்ட ஏற்பாடு. மாணவர் நாவில் அது 'இன்டர்ன்ஷிப்' என்றே வழங்குகிறது. "நான் வேலை பார்க்கிற கடையிலேயே பயிற்சி என்று காட்டலாமா, ஐயா?" என்று அவர் கேட்டார். நாம் படிவத்தைப் பார்த்தோம். நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாள் வேண்டும், பதிவெண் வேண்டும், முத்திரை வேண்டும். அந்தக் கடைக்கு ஊரார் அனைவருக்கும் பெயர் அச்சிட்ட தாள் அடித்துக்கொடுக்கத் தெரியும். தனக்கென்று ஒன்று இல்லை. வேறு இடம் பார்க்கும்படி சொல்லி அனுப்பினோம்.

அவரும் பார்த்தார். எழுதுபொருள் மொத்த விற்பனைக் கடை ஒன்றில் பதினைந்து நாள் சென்று கட்டுத் தூக்கினார், விலைச்சீட்டு ஒட்டினார். கூலி இல்லை. வட்ட முத்திரையிட்ட சான்றிதழ் கிடைத்தது. நாம் அதனை ஏற்றுக்கொண்டோம். சூன் மாதம் கல்லூரி திறந்தபோது அறிக்கையை நம் கையில் அவர் கொடுக்கையில் அவருடைய நகக்கண்களில் வெள்ளி நிறம் படிந்திருந்ததைக் கண்டோம். அது அலுமினியப் பொடி என்பதை அறியப் பட்டாசு வட்டாரத்தில் பிறந்திருக்க வேண்டியதில்லை. மே மாதத்தின் எஞ்சிய நாள்களில் அவர் ஊருக்குச் சென்று பட்டாசு ஆலையில் வேலை பார்த்திருக்கிறார். ஏன் என்று கேட்டோம். "பதினைந்து நாள் லீவு போட்டதுக்குக் கடையில சம்பளம் இல்லய்யா. சூன்ல விடுதிக்குப் பணம் கட்டணும்ல" என்றார். குறைகூறும் தொனி அதில் இல்லை. அதுவே நம்மை மேலும் சுட்டது.

2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள், ஏழாயிரம்பண்ணையை அடுத்த அச்சன்குளத்தில் பட்டாசு ஆலையொன்று வெடித்ததில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் கல்லூரியில் படித்துக்கொண்டே வேலைக்குச் சென்ற மாணவி ஒருவரும் இருந்தார். அதற்கு முன்னர் 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள், நாமெல்லாம் கல்லூரிகளில் ஆசிரியர் நாள் கொண்டாடிக்கொண்டிருந்த பகற்பொழுதில், சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் 18 வயது நிரம்பாதவரை இத்தொழிலில் அமர்த்தலாகாது என்கின்றன. நம் மாணவருக்கு வயது இருபது. எனவே சட்டம் அவரைத் தடுக்கவில்லை. ஆசிரியராகிய நாமோ, முத்திரை இல்லாத ஒரு கடையின் பொருட்டு, அவரை அங்கே அனுப்பியே வைத்தோம் எனலாம். அவருக்கு ஒன்றும் நேரவில்லை. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நேராமற்போனதற்கு நாம் எவ்வகையிலும் காரணர் அல்லர்.

பட்டாசுத் தொழிலைப் பழிப்பது நம் நோக்கமன்று. அவ்வட்டாரமே அத்தொழிலால் உண்கிறது. அதிகாலையில் ஊர் ஊராகச் சென்று தொழிலாளரை ஏற்றிவரும் ஆலைப் பேருந்துகளில் நம் மாணாக்கரின் பெற்றோர் பலர் பயணம் செய்கின்றனர். நாம் கேட்பது ஒன்றே. ஊதியமில்லாத பயிற்சியைக் கட்டாயமாக்கும்போது, அதற்கான செலவை எவர் தலையில் வைக்கிறோம்? வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்குக் கோடை விடுமுறை என்பது ஓய்வு. அதில் பதினைந்து நாளைப் பயிற்சிக்குத் தருவதால் அவருக்கு இழப்பில்லை. கூலி வீட்டுப் பிள்ளைக்கோ, கோடை என்பது அடுத்த ஆண்டுக் கட்டணத்தை ஈட்டும் பருவம். அவரிடமிருந்து பதினைந்து நாளை நாம் எடுத்துக்கொள்ளும்போது ஒரு கட்டணம் வாங்குகிறோம். அதற்கு இரசீது மட்டும் கொடுப்பதில்லை.

பயிற்சி வீண் என்று கருதுவாரும் உளர். நாம் அக்கட்சியில் இல்லை. அவ்வட்டாரத்தின் வரலாறே ஒரு பயிற்சியில் தொடங்கியது என்பதை மறத்தல் ஆகாது. 1922-ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து ப. அய்ய நாடாரும் அவர்தம் உறவினர் அ. சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா சென்றனர். சில மாதங்கள் தங்கி, தொழில் நடக்கும் இடத்திலேயே நின்று கற்றுத் திரும்பி, 1923-இல் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பும் பட்டாசும் வந்தன. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டும் வண்ணச் சீட்டின் தேவையிலிருந்து அச்சுத்தொழில் வளர்ந்தது. ஒரு பயணம் ஒரு வட்டாரத்தின் தொழிற்படத்தை மாற்றியமைத்தது. அவர்களிடம் எவரும் முத்திரையிட்ட சான்றிதழ் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் வேறொன்றையும் ஈண்டு எண்ணிப் பார்க்க வேண்டும். அன்றன்று அவர்கள் கொணரும் கூலியால்தான் வீட்டில் அடுப்பெரியும் என்ற நிலை இருந்திருந்தால், அந்தக் கல்கத்தாப் பயணம் நிகழ்ந்திருக்குமா?

இவ்வாறு நாம் பேசத் தொடங்கினால், பெரியோர் சிலர் புன்னகையுடன் ஒரு விடை தருவர். "எங்கள் காலத்தில் நாங்கள் உழைத்துப் படிக்கவில்லையா? மேலாண்மை பொன்னுச்சாமியைப் பாருங்கள்; கடை நடத்திக்கொண்டே எழுதிச் சாகித்திய அகாதெமி விருது வாங்கவில்லையா?" என்பர். நல்ல எடுத்துக்காட்டே. மேலாண்மறைநாடு ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து ஊர்தான். 2007-இல் 'மின்சாரப் பூ' தொகுப்புக்காக அவர் அவ்விருதைப் பெற்றார். மளிகைக் கடையில் அமர்ந்தபடி கரிசல் மக்களின் வாழ்வை எழுதினார். ஆயினும் அவர் பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது என்பதையும் அப்பெரியோர் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒருவர் ஆற்றைக் கடந்து கரையேறினார் என்பது, அவ்விடத்தில் பாலம் வேண்டாம் என்பதற்குச் சான்றாகாது. அவரோடு அதே ஐந்தாம் வகுப்பில் படிப்பை நிறுத்தி, கரையேறாமற்போனவர் எத்துணைப் பேர் என்று எவரும் கணக்கெடுக்கவில்லை.

மாணவர் நிலையை நாள்காட்டியில் வைத்துப் பார்த்தால் சிக்கல் இன்னும் விளங்கும். வகுப்பு வாரத்திற்கு 30 மணி நேரம். மாலையில் நாள்தோறும் 4 மணி நேரம் என ஆறு நாள் வேலை பார்த்தால் 24 மணி நேரம். ஆக, நூலைத் திறப்பதற்கு முன்பே வாரத்தில் 54 மணி நேரம் போய்விடுகிறது. இது பொதுக்கணக்கு. பட்டாசு வட்டாரத்துக்கென்று ஒரு தனிக்கணக்கு உண்டு. தீபாவளிக்கு முந்திய இரண்டு மூன்று மாதங்களில் ஆலைகளுக்கு ஆள் போதாது. கூலியும் மிகுதியாகக் கிடைக்கும். சிவகாசி அச்சகங்களிலும் அவ்வாறே. ஆடிப்பெருக்கு நாளில் புதிய நாட்காட்டி மாதிரிகள் வெளியாகும். அன்று தொடங்கும் வேலை மார்கழி வரை ஓயாது. நம் கல்லூரிகளில் ஒற்றைப்படைப் பருவம் சூனில் தொடங்கி நவம்பர்த் தேர்வில் முடிகிறது. எந்த மாதங்களில் அகமதிப்பீட்டுத் தேர்வுகள் வருகின்றனவோ, அதே மாதங்களில்தான் கூலியும் கூடுகிறது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அப்பகுதி மாணாக்கரின் வருகைப்பதிவு குறைவதைக் கண்டு, அதனை ஒழுக்கக்குறைவாக நாம் பல ஆண்டுகள் எழுதிவந்தோம். அது ஊரின் பருவகாலம் என்பது பிறகே விளங்கிற்று. பிறகு என்றால், மிகவும் பிறகு.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. வேந்தர்க்கு வகுத்தவை அவை. நாம் அவற்றை மாணாக்கர்க்கு வகுப்பில் நடத்துகிறோம். கல்லூரி அலுவலகத்துக்கு நடத்துவதில்லை.

படிப்பிற்கிடையே மாணவர் செய்யும் வேலையில் மூன்று செய்திகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று கூலிக்குச் செய்வது. ஒன்று கற்பதற்குச் செய்வது. மற்றொன்று தமக்கு ஏற்ற வாழ்க்கைத்தொழில் எது என்று துருவிப் பார்ப்பது. நம் மாணவரின் அச்சுக்கோப்புக் கடையில் முதலிரண்டும் ஒருங்கே இருந்தன. எழுதுபொருள் கடையில் மூன்றில் ஒன்றும் இல்லை. படிவமோ இரண்டாவதனையே பயிற்சி என ஏற்றது. எனவே, மாணவர் ஏற்கெனவே செய்துவரும் வேலையில் கற்றற்குரியது இருக்குமாயின், அதனைப் பயிற்சியாகக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது நம் முதற் கருத்து. முத்திரை இல்லையென்றால், ஆசிரியர் ஒருவர் அவ்விடத்துக்குச் சென்று அரைமணி நேரம் அமர்ந்து பார்த்து வரட்டும். அதனினும் நம்பத்தக்க சான்று வேறு உண்டோ? முத்திரை செய்யச் செலவு ஒன்றும் பெரிதன்று என்பதை அச்சகத் தெரு அறிந்தவர் அறிவர். தெரிந்தவர் கடையில் ஒரு கையொப்பம் வாங்கிவந்து, ஒரு நாளும் செல்லாத பயிற்சிக்கு அறிக்கை எழுதியோர் உண்டு. அவ்வறிக்கைகளை மதிப்பெண் இட்டுக் கட்டிவைத்த ஆசிரியரும் உண்டு. பின்னவருள் நாமும் ஒருவரே.

ஆனால் இக்கருத்துக்கு ஓர் எல்லை வேண்டும். எந்தக் கூலிவேலையையும் பயிற்சி என ஏற்றுக்கொண்டால், மருந்து கலக்கும் அறையிலும் மருந்து செலுத்தும் அறையிலும் அமர்ந்து வந்தவரும் சான்றிதழ் கேட்பார். அதற்கு நாம் உடன்படலாகாது. ஆலையில் கணக்குப் பிரிவு உண்டு; பொருள் அனுப்பும் பிரிவு உண்டு; சீட்டு அச்சிடும் பிரிவு உண்டு. வெடிமருந்து புழங்கும் எந்தப் பகுதியும் கல்லூரியின் பயிற்சிக் கணக்கில் வராது என்று எழுத்தில் அறிவித்தல் வேண்டும். அவ்வாறு அறிவிப்பதால் வறுமை நீங்கிவிடுமா எனக் கேட்கலாம். நீங்காது. அதற்கு விடை வேறிடத்தில் உள்ளது. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

இரண்டாவது தடை நுண்ணியது. செய்கிற வேலையையே பயிற்சியாக ஏற்றுவிட்டால், அம்மாணவர் வேறொரு தொழிலின் வாயிலைக்கூட எட்டிப்பார்க்க வழியின்றிப் போவார். அச்சுக்கோப்புக் கடையில் தொடங்கியவர் அங்கேயே முடிவார். ஏழாயிரம்பண்ணைப் பிள்ளைகளுக்கு இது சிறு செய்தி அன்று. 2018-ஆம் ஆண்டு அக்டோபரில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பினால் பேரியம் உப்பு சேர்த்த பட்டாசுகளுக்குத் தடை வந்தது. தொழிலின் முறையே மாற வேண்டியதாயிற்று. மலிவான இறக்குமதி லைட்டர்களால் தீப்பெட்டித் தொழில் தளர, 20 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள லைட்டர்களின் இறக்குமதியை 2023 சூனில் நடுவண் அரசு தடைசெய்ய நேர்ந்தது. தந்தை செய்த தொழில் மகனுக்கும் இருக்கும் என்ற உறுதி இரண்டு தொழில்களிலும் இல்லை. ஆகவே துருவிப் பார்த்தல் என்னும் மூன்றாவது செயல் அப்பகுதி மாணாக்கர்க்கு ஆடம்பரம் ஆகாது.

அச்செயலுக்கு நேரம் எங்கிருந்து வரும்? மாணவரின் மாலைப் பொழுதிலிருந்தும் வரக்கூடாது, கோடையிலிருந்தும் வரக்கூடாது. கல்லூரி தன் 30 மணி நேரத்திலிருந்தே தர வேண்டும். தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சு 1-ஆம் நாள் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் வழியே திறன் பயிற்சி பாடவேளைக்குள்ளேயே வந்துள்ளது; அது நல்ல தொடக்கம். ஆயினும் கணினித் திரையில் காட்டும் தொழிலுக்கும், சென்று காணும் தொழிலுக்கும் வேறுபாடு உண்டன்றோ? வெம்பக்கோட்டை வட்டத்திலுள்ள விஜயகரிசல்குளத்தில் 2022 மார்ச்சிலேயே தொல்லியல் துறையின் அகழாய்வு தொடங்கியது. சங்கு வளையல்களும் சுடுமண் பொருள்களும் குவியல் குவியலாகக் கிடைத்தன. ஏழாயிரம்பண்ணையும் அதே வட்டத்தைச் சேர்ந்ததே. நம் மாணவரோ அவ்வகழாய்வைச் செய்தித்தாளில் மட்டுமே கண்டிருந்தார். இளங்கலைத் தமிழ் முடித்தவர்க்குக் கல்வெட்டும் தொல்லியலும் ஒரு வாழ்க்கைத்தொழில் ஆகக்கூடும் என்பதை எவரும் அவருக்குச் சொல்லவில்லை. பொருநையும் கீழடியும் பற்றி நாம் மேடையில் முழங்கியதெல்லாம் அவர் காதில் பெருமையாக விழுந்ததேயன்றி, வேலையாக விழவில்லை.

சிவகாசி அச்சகங்களையும் அவ்வாறே கூறலாம். தமிழ் படித்தவர்க்கு ஆசிரியப் பணி தவிர வேறு வழியில்லை என்று நம் மாணாக்கர் நம்புகின்றனர். நம் முகத்தைப் பார்த்தே அவர்கள் அவ்வாறு நம்பியிருத்தல் கூடும். வீட்டுச் சுவரில் தொங்கும் தினத்தாள் நாட்காட்டியை ஒரு நாள் கூர்ந்து பார்க்கட்டும். தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, ஹிஜ்ரி தேதி, விழா நாள்கள், ஒரு வரிச் சிந்தனை என ஒரு சிறு தாளில் எத்தனை எழுத்துகள்! அதுபோல் ஆண்டுக்கு 365 தாள். ஓர் எழுத்துப் பிழைத்தால் அப்பிழை எண்ணற்ற வீடுகளில் ஒரு நாள் முழுவதும் தொங்கும். மெய்ப்புத் திருத்துவோர்க்கு அங்கே வேலை உண்டு, அவ்வேலைக்குச் சந்தி இலக்கணம் வேண்டும், பொறுமை வேண்டும், பிறை கணக்கிடுவோரிடம் தொலைபேசியில் கேட்டுச் சரிபார்க்கும் பணிவும் வேண்டும். பள்ளிக் குறிப்பேடு, பாடத் துணைநூல், கடைகளின் விலைப்பட்டியல் எனத் தமிழ் புழங்கும் இடங்கள் அங்கே பல. நம் மாணவரின் மாலைநேர வேலை அவரை ஏற்கெனவே பாதி வழி கொண்டுவந்து விட்டிருந்தது. மீதி வழியை நாம் காட்டாதிருந்தோம்.

இனிப் பொருளுதவி. 'புதுமைப்பெண்' திட்டம் 2022 செப்டம்பரிலும் 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. அரசுப் பள்ளிகளில் பயின்று வந்தோர்க்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்கள் அவை. பேருந்துக்கும் நூலுக்கும் அத்தொகை பயன்படுகிறது. வீட்டுக்கு அனுப்பப் போதாது. நடுவண் அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் உள்ளுறைப் பயிற்சித் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய் என்றதும் மாணாக்கர் சிலர் ஆவலோடு நம்மிடம் வந்தனர். முழுநேரமாகப் படிப்போர்க்கு அது பொருந்தாது என்ற விதியை அவர்களுக்குப் படித்துக்காட்டும் பொறுப்பு நமக்கு வாய்த்தது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி பழகுநர்க்கு உதவித்தொகை கட்டாயம். கல்லூரி மாணவரின் கோடைப் பயிற்சிக்கோ அத்தகைய காப்பு எதுவும் இல்லை. பழகுநர் என்றால் கூலி, மாணவர் என்றால் நன்றி மட்டும் என்பது என்ன கணக்கோ, நமக்கு விளங்கவில்லை.

இவ்விடத்தில் நம் சமுதாயப் பெரியோர்களை நோக்கிச் சில சொற்கள் சொல்ல விழைகிறோம். நம் கல்லூரி எழுந்ததே வணிகப் பெருமக்களின் கொடையால். கட்டடத்துக்குக் கல் கொடுத்தீர்கள். நூலகத்துக்கு அலமாரி கொடுத்தீர்கள். அவற்றில் உங்கள் பெயர்களும் உள்ளன. இனி, உங்கள் கடையில், ஏற்றுமதி அலுவலகத்தில், அச்சகத்தில், மருந்தகத்தில் ஆண்டுக்கு ஓரிரு மாணாக்கர்க்குக் கூலியுடன் கூடிய பயிற்சியிடம் கொடுங்கள். கல்லில் பெயர் பொறிக்க இதில் இடமில்லை என்பதை முன்னரே சொல்லிவிடுகிறோம். ஊதியமில்லாத இடத்துக்குச் செல்ல நேரும் ஏழை மாணவர்க்கு, இழக்கும் கூலியை ஈடுசெய்யும் ஒரு தொகையை ஊர் ஜமாஅத்துகளும் பைத்துல்மால்களும் வழங்கலாம். கல்விக் கட்டணத்துக்கு ஜகாத் நிதியிலிருந்து உதவும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆனால் கட்டணம் மட்டுமே செலவு என்ற எண்ணத்தில் அங்கே நின்றுவிடுகிறோம். ஏழாயிரம்பண்ணையிலிருந்து வரும் நம் மாணாக்கரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். ஜகாத்தின் வரம்புகளை உலமாப் பெருமக்கள் விளக்குவர். சதகாவுக்கு அத்தகைய வரம்பில்லை என்பதை நாம் அனைவரும் அறிவோம். அடுத்த வீட்டார் பசித்திருக்கத் தாம் உண்பதைக் கண்டித்த மார்க்கம், அடுத்த வீட்டார் எவர் எனச் சாதிமதம் கேட்கவில்லை.

பெண்பிள்ளைகள் திறத்தில் மேலும் ஒரு சொல். வெளியூரில் தங்கிப் பயிற்சி பெற அனுப்புவதற்குப் பெற்றோர் தயங்குவர். அத்தயக்கத்தை அறியாமை எனத் தள்ளிவிட நாம் துணியோம். பாதுகாப்பான தங்குமிடம் காட்டாமல் தைரியம் மட்டும் போதிப்பது எளிது. அவர்களுக்கு ஊருக்கு அருகிலேயே இடம் தேடித்தரும் கடமை துறைக்கு உண்டு. சாத்தூரிலும் சிவகாசியிலும் கோவில்பட்டியிலும் உள்ள நூலகம், பதிப்பகம், அச்சகம், கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றை நாமே சென்று கேட்டால் இடம் கிடைக்காமற்போகாது. தேடித்தராவிடில் அவர்கள் வீட்டுக்கு அருகிலுள்ள எந்த வேலைக்குச் செல்வர் என்பதற்கு அச்சன்குளத்தைத் தவிர வேறு விளக்கம் வேண்டியதில்லை.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒன்று சொல்வோம். மத்யன் நகரில் மூஸா நபி (அலை) பணியேற்ற வரலாறு திருக்குர்ஆனில் வருகிறது. எட்டு ஆண்டுப் பணி. பத்தாக நிறைவு செய்தால் அது அவர் விருப்பம். காலமும் கைம்மாறும் பணி தொடங்குமுன்பே இருவர்க்குமிடையே பேசி முடிக்கப்பட்டன. எந்தக் கெடுவாயினும் தம்மீது வரம்பு மீறல் இருக்கலாகாது என்பதும் சேர்த்தே சொல்லப்பட்டது. வேலைக்குச் சேரும் நாளில் வாய்திறந்து கேளுங்கள்: எத்தனை மணி நேரம், எவ்வளவு சம்பளம், எந்த நாளில் தருவீர்கள். கேட்பது மரியாதைக் குறைவாகாது. பருவத்தேர்வு அட்டவணையை சூன் மாதத்திலேயே முதலாளியிடம் கொடுத்துவிடுங்கள். தீபாவளிக்கு முந்திய வாரத்தில் கொடுத்தால் எந்த நல்ல முதலாளிக்கும் கோபம் வரும், அது நியாயமும்கூட. தீபாவளி முன்பணம் வாங்குமுன் வீட்டில் ஒருமுறை கலந்து பேசுங்கள். அம்முன்பணம் உங்கள் அடுத்த பருவத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். இன்னொன்று, தயங்காமல் நம்மிடம் வாருங்கள். வேலை பார்ப்பதை ஆசிரியரிடம் மறைக்கும் பழக்கம் மாணாக்கரிடம் உள்ளது. மறைக்கச் செய்தவர்கள் நாங்கள்தாம் என்பதால் இதைக் கட்டளையாகச் சொல்லவில்லை.

அம்மாணவர் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார். மாலைநேரக் கடையிலேயே இப்போது முழுநேரமாக இருக்கிறார். அவ்வழியே செல்லும்போது உள்ளே சென்று நலம் விசாரிப்போம். இம்மலரின் பக்கங்கள் சிலவற்றை அவரே அச்சுக்கோத்தார். நாம் எழுதிய ஒரு கட்டுரையில் இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்தியும் அனுப்பினார். சிவகாசி அச்சகம் ஒன்றுக்கு மெய்ப்புத் திருத்துநர் வேலைக்கு விண்ணப்பிக்கும்படி சொன்னோம். யோசிக்கிறேன் என்றார். தாயாருக்குக் கண் மங்கிவருவதால் ஊருக்கு அருகில் இருப்பது நல்லது என்றும், ஆனால் கடைக்காரர் தம்மை நம்பியிருக்கிறார் என்றும் சொன்னார்.

இவ்வாண்டு நம் துறைப் படிவத்தில் ஒரு சிறு மாற்றம் செய்ய முன்மொழிந்துள்ளோம். நிறுவன முத்திரைக்குரிய கட்டத்தின் கீழே, முத்திரை இல்லாவிடில் ஆசிரியர் நேரில் கண்ட நாளும் நேரமும் எழுதுவதற்கு ஒரு கட்டம். அதனருகே, பயிற்சிக் காலத்தில் மாணவர் பெற்ற ஊதியம் எவ்வளவு என்று எழுத ஒரு கட்டம். பின்னதனை அலுவலகம் ஏன் என்று கேட்டிருக்கிறது. விடை எழுதி அனுப்பியுள்ளோம். இரண்டாம் ஆண்டு மாணாக்கரில் நால்வர் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தினர். மாலையில் எங்கெங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டு ஒரு பட்டியல் எடுத்துவிட்டோம்; வரும் சனிக்கிழமை முதல் இடத்துக்குச் செல்கிறோம்.